கப்டன் ஓறாவின் பதினொரு வரி

காலை ஒன்பதரைக்கு வந்து நிற்கவேண்டிய சரோஜினிதேவி பத்தேகாலாகியும் வரவில்லை. பஹ்மியா மூன்றுதரம் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டாள். கொட்டாஞ்சேனைத் தெருவில் ஞாயிறு பூசைக்குப் போகிற சனம்தான் தெரிந்தது. கையில் பதினொரு வரி எழுதிய தாள். அந்தப் பதினொரு வரியும் பதிந்துவிட்டால் வேலை முடிந்தது. பதியாவிட்டால் மூன்று கிழமை மாரடித்ததெல்லாம் குப்பைக்கு.

"மகள், நாலு மணிக்கு நாகேந்திரம் வருவாரு," என்றார் பேர்னாட், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. கோயில் பாட்டும் சவர்க்கார விளம்பரமும் பதிந்தே வயிறு வளர்த்த மனிதர். ஒலிப்பதிவு அறை அவருடையது. மெசின்காரரும் அவர்தான், முதலாளியும் அவர்தான், பிளேன்ரீ ஊற்றுகிறவரும் அவர்தான். "வந்தா வெறுங்கையோட போக மாட்டாரு. நம்ம டேப் இல்லாட்டி சென்னை டேப்."

"தெரியும் அங்கிள். நூறு தரம் சொல்லிட்டீங்க."

'சாம்பல் நிலா' என்று மூன்று படம் வந்து உலகமெல்லாம் ஓடியது. கொழும்பில் நடைபாதைக் கடையில் சீடி வாங்கிப் பார்க்காத பிள்ளை இல்லை. தூரத்து நிலவொன்றில் சுரங்கம் தோண்டுகிற சனம், அதைப் பிடிக்க வருகிற பெரிய படை, நடுவில் பறக்கிற கப்பல்கள். இப்போது அதே கதையை நீட்டி, இருபத்தாறு வாரக் கார்ட்டூன் தொடராக எடுத்திருந்தார்கள். தொலைக்காட்சிக்காரர் சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்குத் தமிழில் போடப்போகிறார்கள். சென்னையில் செய்த தமிழ் டேப் தயாராகவே இருந்தது. ஆனாலும் பேர்னாட் நாலு மாதம் நடந்து, நாகேந்திரம் என்ற நிகழ்ச்சி அதிகாரியின் காலைச் சுற்றி, "முதலாவது பாகத்தை மட்டும் இங்க செஞ்சு காட்டுறோம் சேர், பிடிச்சா மிச்சத்தையும் தாங்க," என்று ஒரு மாதிரிக்குச் சம்மதம் வாங்கியிருந்தார். தவணை இன்றைக்கு நாலு மணி.

வசனமெல்லாம் பஹ்மியா எழுதியது. மட்டக்குளித் தொடர்மாடியில் பிறந்து, புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற வாப்பாவின் தோளில் ஏறிக் கெம்பஸ் வரைக்கும் போன பிள்ளை. அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னால் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் எவரும் இல்லை. தமிழ் விசேட பட்டம் வாங்கி இரண்டு வருஷம்; அரசாங்க நியமனம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்ததில் தபால்காரனுக்கே அவளைக் கண்டால் வெட்கம். மாமிமார் வந்தால், "கெம்பஸ் போன புள்ள பொம்மைக்கு வாயசைக்கிறாளாம்," என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பஹ்மியாவுக்கு இந்தத் தொடர் வேண்டும். இருபத்தாறு வாரமும் வேண்டும். சென்னை டேப்பை அவள் பார்த்திருந்தாள். சுரங்கத்துக் குழந்தைகள் அதில் அரச சபையில் நின்று பேசுவதுபோலப் பேசின. அவளுடைய குழந்தைகள் மட்டக்குளியில் பைப்படியில் சண்டை பிடிக்கிற குழந்தைகளாகப் பேசின. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அவ்வளவுக்காக அவள் யாரோடும் கட்டிப் புரளத் தயார்.

தொலைபேசி அடித்தது.

"பஹ்மியா, நான் வரேலாது போல கிடக்கு."

சரோஜினிதேவியின் குரல் அடித்தொண்டையிலிருந்து வருகிற கனத்த குரல். அவள் வெள்ளவத்தையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டெழுதுகிறவள். போனை எடுத்து ஹலோ என்றால் மறுபக்கம் "சேர்" என்றுதான் பேச்சைத் தொடங்கும். நாற்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருஷம். சுரங்கத்துச் சனத்தைக் காக்கிற கப்டன் ஓறாவுக்கு அவளுடையதைவிடப் பொருத்தமான குரல் இந்தத் தீவில் இல்லையென்று பஹ்மியா சத்தியம் பண்ணுவாள். மூன்று படத்திலும் ஓறா முகக்கவசத்தைக் கழற்றுவதேயில்லை. ஆணா பெண்ணா என்று பிள்ளைகள் பந்தயம் கட்டின. பெண் என்பது இந்தத் தொடரில்தான் தெரியவரும்.

"எங்க ஈக்கிறீங்க அக்கா?"

"கியூவில. அஞ்சு வருஷத்துக்குள்ள வடக்காலை வந்த ஆக்கள் எல்லாரும் இண்டைக்குப் பொலிசில பதியவேணுமாம். ராத்திரிதான் வீட்டுக்காரர் சொன்னவர். பதிஞ்ச துண்டு இல்லையெண்டால் அறையை விடட்டாம்."

"முன்னால எத்தின பேர்?"

"எண்ணி என்ன செய்யிறது? பள்ளிக்கூட மதில் முடியிற இடத்திலை நிக்கிறன். பதியிற மண்டபம் மற்றப் பக்கம். மூண்டு மணிக்கும் உள்ளுக்கை போகமாட்டன்."

பஹ்மியாவுக்கு வாயில் வந்த சொல்லைக் கோயில் பாட்டுப் பதிகிற அறையில் சொல்லக்கூடாது. விழுங்கினாள். சோதனைச் சாவடியில் அவளுடைய அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். சரோஜினிதேவியின் அட்டையில் பிறந்த ஊர் எழுதிய பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு அவளுடைய முகத்தைப் பார்ப்பார்கள். ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீற்றில் இருந்து எத்தனை தரம் அதைக் கண்டிருக்கிறாள்.

"பதிஞ்சிட்டு நாளைக்கு வாறன் எண்டால் சரிவராதோ?" என்று கேட்டாள் சரோஜினிதேவி.

"நாளைக்குச் சரிவராது அக்கா. போன ஓஃப் பண்ணிராதீங்க. நான் எடுக்கிறேன்."

பேர்னாட் தலையைச் சொறிந்தார். "நீங்களே பேசி முடிச்சிருங்க மகள். பதினொரு வரிதானே?"

பஹ்மியா மைக் முன்னால் நின்று முதலாவது வரியைப் பேசினாள். பேர்னாட் அதைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். இந்தப் பாகத்தில் ஐந்து குழந்தைகளுக்கு ஏற்கெனவே குரல் கொடுத்தவள் அவள்தான். கப்டன் ஆறாவது குழந்தையாக இருந்தாள்.

"இந்தக் குரல்ல ஓடர் போட்டா எதிரி சிரிச்சே செத்துருவான்," என்றார் பேர்னாட். "சண்டையே வேணாம்."

"பகிடி விடாம வேற வழி சொல்லுங்க."

"வேற வழி எங்க இருக்கு? குரல் கிடைச்சாலும் எனக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் வேலை. ஓறா பேசுறதெல்லாம் கோபுரத்துல இருந்து ரேடியோவுல. கப்பல்ல இருக்கிற ஆளுக்குக் கரகரன்னு கேக்கணும். அந்தக் கரகரப்ப நான் மெசின்ல..."

அவர் நிறுத்தினார். பஹ்மியா அவரைப் பார்த்த பார்வை அப்படி.

"டெலிபோன் பேட்டி பதியிறதுக்கு நீங்க ஒரு வயர் வெச்சீக்கிறீங்க தானே அங்கிள்?"

பேர்னாட் மேசையின் கீழே குனிந்து தேடத் தொடங்கினார்.

தொலைபேசியை மெசினோடு பொருத்த இருபது நிமிஷம் போயிற்று. அதற்குள் பத்தரைப் பூசை மணி அடித்து ஓய்ந்தது. பஹ்மியா ரிசீவரைக் காதில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். "நான் ஒரு வரி வாசிப்பேன், நீங்க அத அப்படியே பேசுங்க. போன் குரல்தான் எங்களுக்கு வேணும். முதலாவது வரி: வடக்குச் சுவர் விழுந்துட்டுது, ரெண்டாம் பீரங்கி..."

"பிள்ளை, பொறும்." சரோஜினிதேவியின் குரல் தாழ்ந்தது. "நான் எங்கை நிக்கிறன் எண்டு மறந்து போனீரோ? என்னிலையிருந்து பத்தடியில ஒரு பொலிஸ்காரன் நிக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ எண்டு எனக்குத் தெரியாது. வடக்கும் பீரங்கியும் எண்டு இந்தக் கியூவில நிண்டு போனிலை கத்தினால் இருபத்தாறு கிழமை இல்லை, இருபத்தாறு வருஷம் உள்ளுக்கை இருப்பன்."

பஹ்மியா தாளைப் பார்த்தாள். வடக்குச் சுவர். பீரங்கி. கடைசி ஆள்வரை தாங்கு. சுடு. மூலத்தில் இருந்ததை ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தாள். எவ்வளவு பெருமையாக எழுதினாள்! ஒரு வரிகூட அந்தத் தெருவில் நின்று சொல்லத்தக்கதாக இல்லை.

"அரை மணித்தியாலம் தாங்க அக்கா."

"மத்தியானம் வரைக்கும் தாறன். நான் எங்கை போறது?"

பஹ்மியா படத்தைச் சத்தமில்லாமல் போடச் சொன்னாள். சிவப்பு வெளிச்சத்தில் கடைசிக் கப்பல் நிற்கிறது. குழந்தைகள் ஓடுகின்றன. சுவர் இடிகிறது, நெருப்பு, புகை. நடுநடுவே கோபுரத்தில் ஓறா, ரேடியோவைப் பிடித்தபடி. கண்ணாடித் தகடு மூடிய முகக்கவசம், அதில் நெருப்பு மினுங்குகிறது. கப்பல் போய்விடும். ஓறா போகமாட்டாள். மூன்றாவது படத்தில் யாரோ ஒருவன், 'கப்டன் பின்தங்கிவிட்டார்' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவான்; அந்த ஒரு வரியின் கதைதான் இந்தப் பாகம். முடிவை முதலிலேயே காட்டிவிட்டு, அவள் அந்தக் கோபுரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று பின்னால் போகிற தொடர்.

"அங்கிள், அவட வாய் எங்கயாவது தெரியுதா?"

"முகக்கவசத்துக்கு ஏது வாய்?"

"அப்ப அவ எத வேணுமெண்டாலும் பேசலாம். நீளம் சரியா இருந்தாக் காணும்."

"மூலத்துல பீரங்கிதானே மகள் இருக்கு?"

"பீரங்கி படத்துல தெரியுது. கண் இல்லாதவனுக்கா சொல்றோம்?"

பென்சிலைக் கடித்துக்கொண்டு அவள் யோசித்தது யுத்தத்தைப் பற்றியல்ல. அவளுக்கு ஒன்பது வயதில் களனி கங்கை பெருகி மட்டக்குளி வீட்டுக்குள் இரவோடிரவாகத் தண்ணீர் வந்தது. அன்றைக்கு உம்மா ஒரு நீளமான வசனமும் பேசவில்லை. சின்னவனத் தூக்கு. சாமான் கெடக்கட்டும். கதவச் சாத்து. திரும்பிப் பாக்காம நட. அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை இருந்தது. கப்டனாவது, தளபதியாவது! பிள்ளைகளைக் கரையேற்றுகிறவர் எல்லாரும் ஒரே மாதிரித்தான் பேசுவார்கள்.

பன்னிரண்டு மணிக்கு முன் பதினொரு வரியும் மாறின. விநாடி பார்க்கும் கடிகாரத்தை வைத்து ஒவ்வொன்றையும் அளந்தாள்.

"அக்கா, இத உங்கட பேச்சில பேசுங்க. நாடகம் மாதிரி வேணாம். தெருவில நிண்டு போன்ல பேசுற மாதிரி."

"தெருவிலதானே நிக்கிறன்," என்றாள் சரோஜினிதேவி.

பேர்னாட் மின்விசிறியை நிறுத்தினார். அறை வெக்கையில் அவிந்தது. பஹ்மியா வாசித்தாள், ஒரு மூச்சு விட்டு அந்தக் கனத்த குரல் வயர் வழியாக வந்தது.

"சின்னனுகளை முதல் ஏத்துங்கோ."

கரகரப்பு இருந்தது. பின்னால் பஸ் ஹோர்ன் இருந்தது. சனங்களின் இரைச்சலும் இருந்தது. பேர்னாட் முகத்தைச் சுளித்தார். பஹ்மியா கையைக் காட்டி அடுத்த வரிக்குப் போனாள்.

"சாமான் கிடக்கட்டும். ஆக்கள் ஏறினால் காணும்."

"தண்ணி எடுத்தனீங்களோ?"

"அழுற பிள்ளையை இறக்காதை. அழட்டும்."

நாலாவது வரியோடு இரைச்சல் குறையத் தொடங்கிற்று. ஐந்தாவது வரிக்கு, சரோஜினிதேவியைச் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தியது போனிலேயே தெரிந்தது. யாரோ ஒரு பெண், "சத்தம் போடாதேங்கோ, அங்காலை லைன் கிடைக்கிறதே பெரிய பாடு," என்று மற்றவர்களை அடக்குவது கேட்டது.

பஹ்மியாவுக்கு விளங்கிவிட்டது. அந்த வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் சண்டை நடக்கிற வன்னியில் யாரோ ஒருவர் இருந்தார். அவர்கள் சரோஜினிதேவி தன் சொந்தக்காரரோடு பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சனத்தைத் தவிர வேறு யாரும் விடக்கூடிய பிழையல்ல அது.

நிறுத்தலாமா என்று பேர்னாட் கையால் கேட்டார். பஹ்மியா தலையை ஆட்டினாள், இல்லையென்று. நிறுத்தினால் ஓறாவுக்குக் குரல் இல்லை. அவள் ஆறாவதை வாசித்தாள். ஏழாவதை வாசித்தாள். எட்டாவது வரியில் சிங்களத்தில் ஓர் ஆண்குரல் நடுவில் விழுந்தது.

"காத்தெக்கத கதா கரன்னே?"

யாரோடு பேச்சு என்று பொலிஸ்காரன் கேட்கிறான். பஹ்மியா ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள்.

"நங்கி எக்க," என்றாள் சரோஜினிதேவி, தங்கச்சியோடு என்று, ஒரு துளி நடுக்கமில்லாமல். சப்பாத்துச் சத்தம் விலகிப் போனது. பிறகு மெதுவாக, "சொல்லும் தங்கச்சி, அடுத்ததைச் சொல்லும்," என்றாள்.

எட்டையும் ஒன்பதையும் பேசிமுடித்தாள். பத்தாவது வரி: "கதவைச் சாத்து."

அதற்கும் பதினொன்றுக்கும் இடையில், யாரும் எழுதாத ஒரு குரல் வந்தது. வயசான ஓர் ஆண்குரல், சரோஜினிதேவியின் தோளுக்குப் பின்னாலிருந்து.

"ஏறச் சொல்லுங்கோ பிள்ளை. கெதியா ஏறச் சொல்லுங்கோ."

சரோஜினிதேவி ஒரு கணம் தடுமாறினாள். பிறகு பதினோராவது வரியைப் பேசினாள். பஹ்மியா வாசிக்கவில்லை, பதிய முன்னம் ஒருதரம் வாசித்துக் காட்டியபோதே அது சரோஜினிதேவிக்குப் பாடமாகிவிட்டிருந்தது.

"எனக்காண்டி நில்லாதை. நான் பிறகு வாறன்."

பேர்னாட் பொத்தானை அமத்திவிட்டு மின்விசிறியைப் போட மறந்துபோய் இருந்தார்.

இரண்டு மணிக்குள் வரிகளைக் கம்ப்யூட்டரில் இழுத்துப் படத்தோடு பொருத்தினார்கள். பொலிஸ்காரனின் கேள்வியையும் அதற்குரிய பதிலையும் வெட்டினார்கள். அந்த ஐயாவின் குரலையும் வெட்டப் போனார் பேர்னாட். பஹ்மியா அவருடைய கையைப் பிடித்தாள்.

"அது இருக்கட்டும். கோபுரத்துக்குள்ள அவளோட இன்னொரு ஆள் நிண்டா என்ன?"

"படத்துல இல்லையே மகள்?"

"கெமரா பாக்காத பக்கத்துல நிக்கிறார்."

மூன்று மணிக்கு சரோஜினிதேவி அழைப்பெடுத்தாள். "இப்ப வாசலடிக்கு வந்திட்டன். கேளும், எனக்கு இவையளைப் பாக்க மனம் கேக்கேல்லை. கார்ட்டூன் எண்டு சொல்லிப்போட்டன்."

"பேசினாங்களா?"

"பேசாமல்? ஒரு மனிசி, எங்கட வயித்தெரிச்சல் உனக்கு விளையாட்டோ எண்டு கிழிச்சுப்போட்டா. நான் வாங்கிக்கொண்டு நிண்டன். பிறகு அந்த ஐயா கேட்டார், சின்னனுகள் தப்பினதோ எண்டு. மனிசியும் காதைக் குடுத்துக்கொண்டு நிண்டவ."

"என்ன சொன்னீங்க?"

"சனிக்கிழமை அஞ்சரைக்குப் பாக்கச் சொன்னன்."

பஹ்மியா போனை வைத்தாள். இதுவரை அவளுக்கு அந்தத் தொடர் வேண்டியிருந்தது. இப்போது அதைக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. சனிக்கிழமை அந்தச் சனம் ரீவியைப் போட்டு, அரச சபைத் தமிழில் வேறொரு குரல் பேசினால்?

நாகேந்திரம் நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்க வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சேர்ட், கையில் தோல்பை. முழுப் பாகத்தையும் அசையாமல் இருந்து பார்த்தார். முடிந்ததும் பஹ்மியாவைப் பார்க்காமல் பேர்னாட்டைப் பார்த்துப் பேசினார்.

"குரல் நல்லாயிருக்கு. மறுக்கேல்லை. ஆனால் வசனம் மூலத்திலை இல்லை. பீரங்கி எங்கை? கட்டளை எங்கை? இது என்ன, வீட்டுப் பேச்சு! சென்னைக்காரர் ஒரு சொல் விடாமல் செய்திருக்கினம்."

"எழுதினது நான் சேர். என்னோட பேசுங்க."

நாகேந்திரம் திரும்பினார். "சரி, உம்மோடை கதைக்கிறன். நீர் படிச்ச பிள்ளை. மொழிபெயர்ப்பு எண்டால் என்னெண்டு தெரிய வேணும்."

"பையில சென்னை டேப் ஈக்குதா?"

"இருக்கு."

"அதே இடத்தப் போடுங்க. நானும் கேட்டுப் படிச்சுக்கிறேன்."

பேர்னாட் பஹ்மியாவைப் பார்த்துக்கொண்டே டேப்பைப் போட்டார். சத்தத்தைக் கூட்டு என்று அவள் சாடை காட்டினாள். அவர் கூட்டினார்.

"வடக்குக் கோட்டை வீழ்ந்தது!" என்று முழங்கியது ஓறா. "வீரர்களே, பீரங்கிகளை முழக்குங்கள்! தலைநகரம் நடுங்கட்டும்! கடைசிச் சொட்டு இரத்தம் உள்ளவரை நமது போர் ஓயாது!"

நாகேந்திரம் எழுந்தார். எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

ஓறா இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. நாகேந்திரத்தின் கை ஜன்னல் கொளுக்கியிலேயே நின்றது. தான் செய்தது என்னவென்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போல.

"ரீவிக்கு ஜன்னல் இல்ல சேர்," என்றாள் பஹ்மியா. "சனிக்கிழமை இது முழு நாட்டுக்கும் கேக்கும். உங்களுக்கு மேல இருக்கிற ஆள் கூப்பிட்டு இது என்னெண்டு கேட்டா, கார்ட்டூன் எண்டு சொல்லுவீங்க. அவர் எழுதித் தரச் சொல்லுவார். நீங்க எழுதுவீங்க. அதுக்கும் மேல இன்னொருத்தர் இருப்பார்."

"நிப்பாட்டும்," என்றார் நாகேந்திரம். டேப்பையா அவளையா என்று சொல்லவில்லை. பேர்னாட் டேப்பை நிறுத்தினார்.

பஹ்மியாவுக்கு வெற்றிச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அவள் எழுதியது நல்லது என்பதால் அவர் பணியவில்லை, பயத்தால் பணிந்தார். வரிசையில் நின்ற சரோஜினிதேவியின் வாயைக் கட்டிய அதே பயம். போகட்டும். பயம் திறந்த வாசலென்றாலும் உள்ளே போகிறது அவளுடைய தமிழ். கிடைத்த வாசலில் காலை வைத்துவிடுவதென்று முடிவெடுத்தாள்.

"இருபத்தாறும் எங்களுக்கு," என்றாள்.

"முதல் பதின்மூண்டு. பிறகு பாப்பம்."

"பதின்மூண்டு சரி. கடைசியில பேர் போடணும்."

"பேர் என்னத்துக்கு? ஸ்டூடியோ பேர் காணும்."

பஹ்மியா தங்கள் டேப்பை எடுத்து இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். "அப்ப இது இங்கேயே இருக்கட்டும். நீங்க மற்றதக் கொண்டு போங்க."

பேர்னாட் இருமினார். நாகேந்திரம் மணிக்கூட்டைப் பார்த்தார்; சாத்திய ஜன்னலைப் பார்த்தார். "நீர் ஆற்றை பிள்ளை?"

"புறக்கோட்டையில மூட்டை தூக்குற ஸவாஹிர்ட மகள்."

"எழுதித் தாரும்," என்றார் நாகேந்திரம். "கெதியா."

பேர்னாட் தாளை நீட்டினார். பஹ்மியா எழுதினாள். தமிழ் வசனம்: ஸ. பஹ்மியா. ஒலிப்பதிவு: பேர்னாட். கப்டன் ஓறா: சரோஜினிதேவி. பேனை அங்கே நின்றது. அவள் போனை எடுத்தாள்.

"அக்கா, முடிஞ்சுதா?"

"இப்பதான் துண்டைத் தந்தவங்கள். படம் எடுத்து, விரல் அடையாளமும் எடுத்து. என்ன மாதிரி?"

"பதின்மூண்டு கிழமை. வாற ஞாயிறு ஒன்பதரைக்கு வந்துருங்க. அந்த ஐயா பக்கத்தில நிக்கிறாரா? அவர்ட குரலும் உள்ளுக்கு ஈக்குது. பேர் போடட்டுமா எண்டு கேளுங்க. வேணாமெண்டா வெட்டிருவேன்."

போனில் கொஞ்சநேரம் தெருச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சரோஜினிதேவி திரும்பி வந்தாள். அந்தக் கனத்த குரலில் சிரிப்பு இருந்தது.

"சிவபாதசுந்தரமாம். காலமை தொட்டுப் பொலிஸ்தான் என்ர பேரை எழுதுது, ஒருக்கா நீங்களும் எழுதுங்கோ எண்டு சொல்லச் சொல்லுறார்."

பஹ்மியா எழுதினாள். கோபுரத்தில் நிற்பவர்: சிவபாதசுந்தரம். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டு, தாளை டேப்பின் மேல் வைத்து நாகேந்திரத்தின் கையில் கொடுத்தாள். அவர் படியிறங்கும் சத்தம் ஓயமுன், இரண்டாம் பாகத்தைப் போடச் சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.